கொப்பி மாஸ்டரின் அரைப்பக்கம்

லண்டனில் தமிழர்களுக்குக் கார் பழக்குகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆனால் பழக வருகிறவரை ஸ்டியரிங்கைவிடப் பேனாவை அதிகம் பிடிக்கவைத்தவர், நான் அறிய, இந்தப் பூமியில் ஒருவர்தான். ஹரோவில் அவரைக் கொப்பி மாஸ்டர் என்பார்கள். நாற்பது பக்க நோட்டைத்தான் நாங்கள் கொப்பி என்போம். அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்திருக்கும். அது லைசன்ஸில் பத்திரமாக இருந்தது. ஒருவர் வாயிலும் வந்ததில்லை.

அவரிடம் சேர ஒரு கொப்பியும் இரண்டு பேனாவும் வேண்டும். மை முடிந்துவிட்டது என்று ஒருவரும் சாக்குச் சொல்லக்கூடாது என்பதற்காக இரண்டு. ஒரு மணித்தியாலம் ஓட்டம். அது முடிந்ததும் ஹரோ குன்றுப் பக்கம் ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொல்வார். சாவியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணை, அரைப்பக்கம். என்ன கண்டனீங்கள் எண்டு எழுதுங்கோ" என்பார். எழுத விருப்பமில்லாதவர் நடந்து வீட்டுக்குப் போகலாம். அப்படி இறங்கி நடந்த கணக்காளர் ஒருவரை எனக்குத் தெரியும். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மறுவாரம் அவர் எழுதிய அரைப்பக்கம் முழுவதும் அந்த மழையைப் பற்றியது. அவர் எழுதியவற்றில் மிகச் சிறந்தது அதுதான் என்று மாஸ்டர் எல்லோருக்கும் சொன்னார்.

மாஸ்டருக்கு ஆகாத சொற்கள் மூன்று: 'அழகான', 'பயங்கரமான', 'திடீரென்று'. முதல் இரண்டுக்கும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. மூன்றாவதுக்கு இரண்டு கோடுகளும் ஒரு பிரசங்கமும்.

"திடீரெண்டு ஒண்டும் வாறேல்லை, அண்ணை. அது வந்துகொண்டுதான் இருந்தது. நீங்கள்தான் பாக்கேல்லை."

இந்தப் பழக்கத்தை அவர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தாராம். அங்கே ஒரு உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிய காலத்தில், நாளுக்கு அரைப்பக்கம் எழுதி அந்த மொழியைப் பிடித்தவர். மொழி வந்ததோ இல்லையோ, கண் வந்துவிட்டது என்பார். 'எழுதுகிறவன் பார்ப்பான், பார்க்கிறவன் இடிக்கமாட்டான்' என்பது அவருடைய கொள்கை. அதைச் சின்ன எழுத்தில் காரின் பின்கண்ணாடியிலும் ஒட்டியிருந்தார். பின்னால் வந்த தமிழர்களெல்லாம் வாசிக்கிற ஆசையில் மூக்கு முட்டும் தூரத்துக்கு வந்ததால், ஒரு கிழமைக்குள் கிழித்துவிட்டார்.

அவருடைய மாணவர்களைப் பற்றித் தனிப் புத்தகமே போடலாம். சென்னையிலிருந்து வந்த பல் டாக்டர் அம்மா ஒருவர் கவிதை உள்ளம் படைத்தவர். சந்தியின் நடுவே கார்கள் சுற்றிப்போகும் ஒரு ரவுண்டபவுட்டைப் பார்த்து 'பச்சைப் புல் பதித்த வளையல்' என்று எழுதினார். மாஸ்டர் கோடு போட்டார்.

"ஏன் மாஸ்டர், வட்டமாத்தானே இருக்கு?"

"அக்கா, வளையல் எண்டு நினைச்சால் கை அதுக்குள்ளதான் போகும்."

அடுத்த வாரம் அந்த அம்மா அந்த ரவுண்டபவுட்டைச் சுற்றும் சிரமத்தை எடுக்காமல், முன்சக்கரங்களைப் புல்லின் மேலேயே ஏற்றினார். அன்று மாலை, 'ரவுண்டபவுட் இன்றைக்கு ரவுண்டபவுட் மாதிரி இருந்தது' என்று எழுதினார். கோடு விழவில்லை. பிறகு டெஸ்ட் நாளில், ஓட்டி முடித்துக் காரை நிறுத்தியதும், பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து மும்முரமாக எழுதத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பரீட்சகர், இந்தப் பெண் தனக்குத்தான் மார்க் போடுகிறாள் என்று நினைத்து, டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாராம். பாஸ்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரின் கதை வேறு. அவர் மைக்கைப் பிடித்தால் ஒரு மணித்தியாலம் போகும். பின்னால் வைத்திருக்கும் சோறு ஆறிக் கட்டியாகும். அவர் மாஸ்டரிடம் இருபது பாடம் எடுத்தார். அந்த வருடத் தமிழ்ப் பள்ளி விழாவில் ஆறே நிமிடம் பேசினார். யார் வந்தார்கள், பிள்ளைகள் என்ன செய்தார்கள், யாருக்கு நன்றி. அவ்வளவுதான். சனம் திகைத்துப்போய்க் கைதட்ட மறந்தது. அன்று எல்லோரும் ஆவி பறக்கச் சாப்பிட்டோம். தலைவர் டெஸ்டில் நாலு தரம் தவறினார். ஐந்தாம் தரமும் தவறவேண்டும் என்று நேர்த்தி வைத்தவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள்.

நான் அவரிடம் போனது கார் பழக அல்ல. என்னிடம் இருபத்திரண்டு வருட லைசன்ஸ் இருந்தது. இல்லாமல்போனது தைரியம்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்து மகள் ஆரணியோடு வந்துகொண்டிருந்தேன். அவளுக்குப் பதினாறு வயது. ஒரு சந்தியில் சாமான் ஏற்றும் வெள்ளை வான் ஒன்று எங்கள் காரின் மூக்கில் அடித்தது. கார் நடைபாதையில் ஏறி, விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றது. அவளுக்கு சீட் பெல்ட் அழுத்திய தோளில் ஒரு கிழமை நீலம். வேறு ஒன்றுமில்லை. கராஜில் காரைத் திருத்திக் கொண்டுவந்து வாசலில் விட்டார்கள். நான் திருந்தவில்லை. கார் வாசலில் நின்று இலை சுமந்தது. மகளை என் காரில் மட்டுமல்ல, மாமன் காரில், சிநேகிதியின் தாயின் காரில், எதிலும் ஏறவிடவில்லை. பஸ்ஸில் அவளுக்குப் பின் சீட்டில் நானும் போய் இருப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னை அவளுடைய மெய்க்காவலன் என்றார்கள். ஆரம்பத்தில் கோபித்தவள், பிறகு பேசாமல் வந்தாள். ஒருநாள், கார் ஒன்று கடந்தபோது அவள் நடைபாதையின் உள்பக்கம் ஒதுங்கியதைக் கண்டேன். பயத்தை அவளுக்கும் கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அவளை மறுபடி காரில் ஏற்றவேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அதுதான் ஏலாமல் இருந்தது.

மனைவிதான் மாஸ்டருக்குப் போன் பண்ணினாள். முதல்நாளே அவர் என் தொழிலை விசாரித்தார். கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக்கொடுக்கிறவன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் முதல் அரைப்பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் சிரித்தார். 'பயமாக இருந்தது. கை நடுங்கியது. மிகவும் பயமாக இருந்தது' என்று எழுதியிருந்தேன்.

"கண் பாக்கிற ஆள் நீங்கள். இதில ஒரு மரம்கூட இல்லையே அண்ணை. தெருவில போனனீங்களோ, உங்கட வயித்துக்குள்ள போனனீங்களோ?"

அடுத்த முறை அவருக்காக ஒரு மரத்தைப் பார்த்தேன். அதற்கு அடுத்த முறை மரமே என்னைப் பார்த்ததுபோல இருந்தது.

அந்த வசந்தம் இப்போது நினைக்கையில் ஒரு நீண்ட பகல்கனவாகத் தெரிகிறது. இருபது மைல் வேகத்தில் ஹரோ முழுவதும் மிதந்தோம். பாலத்தின் மேல் மெட்ரோபொலிட்டன் ரயில் போகும்போது அதன் நிழல் கீழே ரோட்டைக் கழுவிக்கொண்டு போகும். ஒட்டி ஒட்டி நிற்கும் இரட்டை வீடுகளில் ஒன்றின் கதவு நீலம், மற்றதின் கதவு பச்சை. பள்ளிப் பிள்ளைகள் கடப்பதற்காக ரோட்டை மறிக்கும் மூதாட்டி, பிள்ளைகள் போனபின் ஒரு பூனைக்காகவும் மறித்தார். செரி மரத்தடியில் நிறுத்தி எழுதும்போது, இதழ்கள் ஒவ்வொன்றாக முன்கண்ணாடியில் விழும். வைப்பரைப் போட மனம் வராது. மாஸ்டரும் போடச் சொல்லமாட்டார். இரண்டு பேரும் பூவுக்குள் உட்கார்ந்திருப்போம். என் பேனாச் சத்தம் மட்டும் கேட்கும்.

பாடமில்லாத நாளிலும் எழுதத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடம். ஆறு மாதமாகத் தொலைந்திருந்த நித்திரை, கூப்பிடாமலே வந்து பக்கத்தில் படுத்தது. வேலையில் டாக்டர்மாருக்கு நான் எழுதும் கடிதங்கள் பாதியாய்க் குறைந்தன. நான் என்ன சொல்கிறேன் என்பது முதல்முறையாக விளங்குகிறது என்று ஒருவர் போன் பண்ணியே சொன்னார். பாராட்டா, ஏச்சா என்று தெரியவில்லை, பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். "இந்த மனிசன் இருபது வரியத்துக்குப் பிறகு இப்பதான் என்ர கறியில என்ன மரக்கறி கிடக்கெண்டு பாக்குது" என்று மனைவி தன் தங்கைக்குப் போனில் சொன்னாள்.

பத்தாவது பாடத்தில் மாஸ்டர் சாவியைப் பையில் போட்டுவிட்டு, "இண்டைக்கு அந்தச் சனிக்கிழமையை எழுதுங்கோ" என்றார்.

'மழை விட்டிருந்தது. திடீரென்று ஒரு வெள்ளை வான்' என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனா வெளியே வந்தது. எனக்குக் கோபமும் வந்தது.

"மாஸ்டர், அது திடீரெண்டுதான் வந்தது."

அவர் கோடு போடவில்லை. பிரசங்கமும் இல்லை. "சரி அண்ணை. அதுக்கு முதல் என்ன?" என்றார்.

அதற்கு முதல் ரேடியோ. அதற்கு முதல் வைப்பரில் சிக்கிய ஒரு பழுப்பு இலை. அதற்குப் பிறகு, சரிவில் இறங்கி வரும் ஒரு வான். அதன் இடதுபக்கச் சிக்னல் மின்னிக்கொண்டிருந்தது. அது திரும்பும் என்று நம்பி நான் காரை எடுத்தேன். அது திரும்பாமல் நேரே வந்தது. பிறகு கம்பம். எழுதி முடித்து அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானை நான் பார்த்திருக்கிறேன். என் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் ஓட்டினேன் என்று ஆறு மாதமாக நான் சுமந்தது உண்மையில்லை.

மாஸ்டர் இரண்டு தரம் வாசித்தார்.

"வான் இருக்கு. மழை இருக்கு. இலை இருக்கு, கம்பமும் இருக்கு. பிள்ளை எங்கை அண்ணை?"

"பக்கத்தில இருந்தவ."

"இதில இல்லையே. பிள்ளை என்ன செய்தவ?"

எனக்குத் தெரியவில்லை. நினைவின் அந்த மூலையில் புகைபோல ஏதோ இருந்ததே தவிர, அவள் இல்லை.

"அப்ப போய்க் கேளுங்கோ" என்று சாவியைத் தந்தார்.

வீட்டில் ஆரணி குசினி மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி பருப்புக் கிண்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நீ என்ன கண்டாய் என்று கேட்டேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"இவ்வளவு நாளும் நீங்க கேக்கவே இல்லை அப்பா."

"இப்ப கேக்கிறன்."

"நீங்க இறங்கி, ஃபர்ஸ்டா லாம்ப் போஸ்ட்டுக்கு சாரி சொன்னீங்க."

"ஆருக்கு?"

"லாம்ப் போஸ்ட்டுக்கு. ரெண்டு தரம். பிறகு சுத்தி வந்து, என்ர கதவைத் திறந்து, 'சாப்பிட்டியோ?' எண்டு கேட்டீங்க."

மனைவியின் அகப்பை நின்றது. எனக்கு ஒரு சொல்லும் ஞாபகமில்லை.

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டன். பொய்தான். ஆனா எனக்கு அப்ப பயமே இல்லை, அப்பா. அப்பா சாப்பிட்டியோ எண்டு கேக்கிறார், அப்ப எல்லாம் ஓகே எண்டு நினைச்சன். நீங்க கார் எடுக்காம விட்டீங்களே, அதுக்குப் பிறகுதான் பயம் வந்தது."

மனைவி திரும்பி, "அண்டைக்குக் காலமை சாப்பிடேல்லையோ நீ?" என்றாள்.

அன்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடுத்த பாடத்தில் மாஸ்டர் அதை வாசித்துவிட்டுக் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்க அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில், "இப்ப பிள்ளையும் காருக்குள்ள இருக்கிறா. ஏத்துங்கோ" என்றார்.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். ஆரணியின் சிநேகிதி வீடு சவுத்தாலில், அங்கே போய்வருவது. மாஸ்டரையும் கெஞ்சிக் கேட்டேன். ஞாயிறு தனக்கு ஓய்வு, வரவே ஏலாது என்று போனை வைத்துவிட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு, தேய்த்த சட்டையோடு எங்கள் வாசலில் நின்றார்.

ஆரணி என் பக்கத்தில் ஏறிப் பெல்ட்டைப் போட்டாள். மாஸ்டர் பின்னால் ஏறினார். பழக்குகிற காரில் அவர் பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. என் காரில் இருப்பது ஒன்றே ஒன்று, என் காலடியில். தெரு முனை வருவதற்குள், "எனக்கு நித்திரை வருது" என்று கண்ணை மூடினார். இரண்டாவது விளக்கில் குறட்டை கேட்டது. என்னை நம்பி ஒரு மனிதர் நித்திரை கொள்கிறார் என்ற நினைவில் என் தோள்கள் கீழே இறங்கின. வெயில் மெல்லியதாக இருந்தது. மரங்கள் தங்கள் நிழலை ஒவ்வொன்றாக எங்கள் மேல் போர்த்தி, பிறகு எடுத்துக்கொண்டன. அந்தச் சந்தி வந்தது. ஒரு பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு சைக்கிளுக்கும் நின்றேன். பிறகு போனேன். ஆரணி போனில் யாருக்கோ செய்தி எழுதிக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பாதி வழியில் அவள் என் பக்கம் சாய்ந்து, "அப்பா, அங்கிள் நித்திரை இல்லை" என்றாள், மெதுவாக.

"எப்பிடித் தெரியும்?"

"காலைப் பாருங்கோ."

சிவப்பு விளக்கில் திரும்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. குறட்டை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வலது கால் மட்டும், பிரேக் இல்லாத இடத்தில், கால்மிதியை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து ஒவ்வொரு சந்தியிலும் அப்படித்தான் என்றாள் ஆரணி.

சவுத்தாலில் நிறுத்தியதும் மாஸ்டர் பெரிதாகக் கொட்டாவி விட்டு, வந்துவிட்டோமா என்று கேட்டார். ஆரணி இறங்கிச் சிநேகிதி வீட்டுக்கு ஓடினாள். நான் மடியில் கொப்பியை வைத்து அரைப்பக்கம் எழுதினேன். வெயிலை எழுதினேன். பஸ்ஸை, சைக்கிளை, மகளின் போனை எல்லாம் எழுதினேன். மாஸ்டரின் அந்த வலது காலை மட்டும் எழுதவில்லை.

அவர் வாசித்து முடித்தார். கோடு ஒன்றும் விழவில்லை.

"ஏதும் விட்டனீங்களோ அண்ணை?"

"இல்லை மாஸ்டர்."

அவர் கொப்பியை என்னிடம் நீட்டிவிட்டு, வலது கெண்டைக்காலை மெல்லத் தடவிக்கொண்டே, "நல்ல நித்திரை" என்றார்.