முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே வரக் கூடாது

சட்டத்தை அரைகுறையாகப் படித்தவனுக்கு வீட்டை வாடகைக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை இதுதான். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அரைகுறை நான்தான்.

சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் போர்ட் பிளேரில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜங்லிகாட்டின் தாழ்வான தெருக்களில் கடல் ஏறும்போதெல்லாம் வாசல்வரை தண்ணீர் வந்ததால், எல்லோருக்கும் மேட்டில்தான் வீடு வேண்டியிருந்தது. சாத்தூரிலிருந்து அரசாங்க குமாஸ்தாவாக வந்து இறங்கிய எனக்கு மேட்டில், அதுவும் மாடியில், இடம் கொடுத்தவர் பாக்கியம் அக்கா. பூர்வீகம் பரமக்குடிப் பக்கம். கணவர் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் வேலை பார்த்ததால் பாதி நாள் கேம்பல் பேயில் இருப்பார். கீழே அக்காவும் மகள் வசந்தியும், மேலே நான், நடுவில் பழைய மரப்பலகைத் தளம். (மேலே நான் இருமினால் கீழே அக்கா கஷாயத்துக்கு அடுப்பை மூட்டிவிடுவார். பலகை இடுக்குகள் அப்படி.)

குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும். எந்த நேரத்தில் வரும் என்பது கடவுளுக்கே தெரியாது. அதனால் வேலைக்குப் போகிறவர்கள் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் தெருவில் வழக்கம். தண்ணீர் வந்தால் அவர் மேலே போய் டிரம்மை நிரப்பி, குழாயை மூடிவிட்டு வருவார். அக்காவும் அப்படித்தான் எனக்கு நிரப்பிக் கொடுத்தார். கூடவே, கழுவாமல் கிடந்த என் பாத்திரங்களைப் பற்றியும் என் பனியன்களின் ஓட்டைகளைப் பற்றியும் தெருவுக்குத் தகவல் சொன்னார். ஒருநாள் மளிகைக் கடைக்காரர், "சார், புது பனியன் வந்திருக்கு, எடுத்து வைக்கவா?" என்று பரிவோடு கேட்டார். அந்த நிமிடம் என் தன்மானம் விழித்துக்கொண்டது.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. விடுப்பு முடிந்து நான் முன்னால் வந்துவிட, மனைவி செல்வி அடுத்த கப்பலில் வருவதாக ஏற்பாடு. புதுப்பெண்டாட்டி இருக்கும் வீட்டுக்குள் அக்கா இப்படி வந்து போய்க்கொண்டிருந்தால் என்னாவது? அலுவலகத்தில் யாரோ விட்டுப்போன கையேடு ஒன்று கிடைத்தது. வாடகைக்குக் குடியிருப்போரின் உரிமைகள் முன்பாதி, கடமைகள் பின்பாதி. முன்பாதி முடிந்ததும் நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

மறுநாளே ஒரு தாளில் எழுதினேன். எழுத்து மூலம் ஒரு நாள் முன்னறிவிப்பு தராமல் வீட்டு உரிமையாளர் உள்ளே நுழையக் கூடாது, மீறினால் அத்துமீறல் வழக்கு தொடரப்படும் என்று. (கையெழுத்துக்குக் கீழே கோடு வேறு.) புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு, தாளை அக்காவிடம் நீட்டினேன். வசந்தி வாசிக்க, அக்கா நிதானமாகக் கேட்டார். (தீவுப் பேச்சில் இந்தி கலந்துதான் வரும். அக்காவுக்குச் சாவி சாபி, தண்ணீர் பானி.)

"டீக் ஹே தம்பி. ஒரு நா முன்னாடி எழுதிக் குடுத்துட்டுத்தான் உள்ள வரணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க்கா."

"சாபி?"

"ரெண்டும் என்கிட்டயே இருக்கும்."

"பானி வந்தா?"

"அது என் பொறுப்பு."

இந்த மூன்று வார்த்தைகளைச் சொன்ன வாயை இன்றும் கண்ணாடியில் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

கப்பல் வருகிற நாளும் வந்தது. காலையில் குழாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. தலை வாரும் அவசரத்தில் குழாயை மூட மறந்து, பூட்டிக்கொண்டு கப்பல் ஜெட்டிக்கு ஓடினேன். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே இடத்துக்காகக் காத்து நின்றது. மதியத்துக்கு மேல்தான் கரைக்கு வந்தது. செல்விக்குத் துணையாகக் கப்பலில் வந்த நண்பர் குடும்பத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, தலைசுற்றலோடு இறங்கியவளை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம், "நம்ம வீட்ல நம்மளைக் கேக்காம யாரும் நுழைய முடியாது" என்று பெருமை அடித்துக்கொண்டு வந்தேன்.

கீழ்வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று வசந்தியைப் பெண் பார்க்க பெரார்கஞ்சிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக அக்கா சொல்லியிருந்தார்.

வந்திருந்தார்கள். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு குடை பிடித்திருந்தார்கள். தளத்திலிருந்து பத்து இடங்களில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கேசரியை முறத்தால் மூடி வைத்திருந்தார்கள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வசந்தி ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மடித்து வைத்திருந்த தாளை என்னிடம் கொடுத்தார்.

"நாளைக்கு இந்நேரத்துக்கு உங்க வீட்டுக்குள்ள வந்து குழாயை மூடலாம்னு இருக்கேன் தம்பி. ஒரு நா முன்னாடியே எழுதிக் குடுக்கணும்ல."

நான் மாடிக்குப் பறந்தேன். டிரம் நிரம்பி வழிந்து, செல்விக்காக வாங்கிய புதுப் பாய் அறைக்குள் மிதந்துகொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டுக் கீழே வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா செல்வியிடம் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூட்டை உடைச்சிடலாம்னேன் தாயீ. கேஸாயிடும், அந்தத் தம்பி எழுதிக் குடுத்திருக்குன்னாங்க. சரி, கீழ வால்வை மூடுங்கன்னேன். மூடுனா கீழயும் நின்னுடும், மூணு நாளைக்குக் குடிக்கத் தண்ணி கிடையாதுன்னுட்டாங்க. அப்புறம் என்ன, குடையை விரிச்சோம்."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை முழுதாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

என் உரிமையால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? மாப்பிள்ளையின் அம்மா குடையை மடக்கிவிட்டு எழுந்தார். போகிறார் என்றே நினைத்தேன்.

"காபித் தட்டு ஏந்திட்டு வர்ற பொண்ணுங்களை எல்லா வீட்லயும்தான் பாத்தாச்சு" என்றார் அக்காவிடம். "தலைக்கு மேல கொட்டுது, உங்க பொண்ணு பதறலை. ஒரு சொட்டு வீணாக்கவும் இல்லை. அவளுக்குச் சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம்."

மாப்பிள்ளை குடைக்குள்ளேயே தலையாட்டினார். வசந்தி கையில் தண்ணீர்ப் போணியோடு சிரித்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி அவர்கள் கிளம்பும்வரைதான் நீடித்தது. அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த அக்கா, "தம்பி, நீங்க காலி பண்ணிடுங்க" என்றார்.

செல்வியின் பெட்டி இன்னும் வாசலில்தான் இருந்தது. ஊர் முழுக்கச் சுற்றினாலும் வேறு வீடு கிடைக்காது. வந்த கப்பலிலேயே அவளைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதானா என்று யோசித்தேன். செல்வி பெட்டியைத் தூக்கினாள்.

"நீ எங்கம்மா போற?" என்றார் அக்கா. "நான் அவரைத்தான சொன்னேன். இன்னையிலருந்து மாடி உன் பேர்ல. வாடகை நீதான் குடுக்கணும், சாபி ஒண்ணு நீதான் என்கிட்ட குடுத்து வைக்கணும். இவரை உள்ள வச்சுக்கிறது, வேணாங்கிறது உன் இஷ்டம்."

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாத்திரம் கழுவுவாராக்கா?"

"இதுவரைக்கும் இல்லை. சொல்லிக் குடுத்தாச் செய்வாப்ல."

"அப்ப இருக்கட்டும்."

என்னிடம் கை நீட்டி இரண்டு சாவிகளையும் வாங்கி, ஒன்றை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா செல்வியின் கன்னத்தைத் தடவி, "போய் முகத்தைக் கழுவிட்டு வாம்மா, கேசரி இருக்கு" என்றார். எனக்கும் கிடைத்தது, கொஞ்சம் தண்ணீர் சேர்ந்த கேசரி.

அதன்பிறகு மூன்று ஊர்களில் குடியிருந்துவிட்டோம். எல்லா ஒப்பந்தமும் செல்வி பெயரில்தான். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எங்கள் மகள், நான் வீட்டில் குரலை உயர்த்தினால் போதும், உடனே சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, அப்பாவை இன்னும் வச்சுக்கணுமா?" என்று கேட்பாள்.

செல்வி ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"வீடு கிடைக்கிறது கஷ்டம்டி. இருந்துட்டுப் போகட்டும்."