முப்பத்து நாலரை அடி வளர்ந்த நாடு

வான்வரம்பு மன்றத்தின் பன்னிரண்டாம் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

தலைமை அமைச்சர் பூரணலிங்கம்.

விமானத்துறை அமைச்சர் திருமேனிநாதன்.

வரம்பு அதிகாரி சொர்ணப்பன்.

மட்டம் பார்ப்பவன் வெயிலுமுத்து.

முதல் விமானத்தை அனுப்புவதாகச் சொல்லியிருந்த வெளிநாட்டு நிறுவனத்தின் பிரதிநிதிக்காக ஒரு நாற்காலி. பன்னிரண்டு ஆண்டுகளாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் வருகைப் பதிவேட்டில் அதற்கு நேராக ஒவ்வோர் ஆண்டும் ஒரு கையெழுத்து இருந்தது.

கூட்டம் விமான நிலைய முனையத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. அந்த மூன்றாம் மாடிக்கு இறங்கித்தான் போக வேண்டும்.

நெடுவயல் நாட்டின் தலைநகருக்கு வடக்கே ஓர் ஏரி இருந்தது. உலகிலேயே பெரிய விமான நிலையத்தை அந்த இடத்தில் கட்டுவது என்று அரசு முடிவு செய்தபோது, ஏரிக்குள் கட்டினால் நிற்குமா என்று யாரோ கேட்டார்கள். கேள்வி நியாயமாக இருந்தது. எனவே அங்கே ஏரி இல்லை என்று ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. மறுநாளே நிலப்பதிவேட்டில் ஏரி மேட்டுநிலமானது. லாரி லாரியாக மண்ணைக் கொட்டி ஓடுபாதை போட்டார்கள். நான்கு மாடியில் முனையம் எழுப்பினார்கள். சுற்றிலும் தகரத் தடுப்பு வைத்து, அதில் விமானங்களின் படங்களை ஒட்டினார்கள்.

விமானங்கள் தடையில்லாமல் இறங்க ஒரு சட்டமும் வந்தது. ஓடுபாதையின் மட்டத்திலிருந்து நாற்பது அடிக்கு மேல் நாட்டில் எதுவும் நிற்கக் கூடாது. எல்லா நாடுகளிலும் உள்ள சட்டம்தான். அப்போது அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

ஊர் எல்லையில் ஒரு மட்டக்கல் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கல்லின் உயரத்தையும் ஓடுபாதையின் உயரத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறிப்பது வெயிலுமுத்துவின் வேலை. முதல் ஆண்டே மூன்று அடி வித்தியாசம் வந்தது. ஓடுபாதை இறங்கியிருந்தது. குறித்துக் கொடுக்கப் படிவத்தை எடுத்தான். அதில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதன் தலைப்பு ‘வளர்ச்சி’. இல்லாத ஏரி எதையும் விழுங்க முடியாது என்பதால், இறக்கத்துக்கு யாரும் கட்டம் போட்டிருக்கவில்லை. வெயிலுமுத்து கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ‘3’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

நாடு மூன்று அடி வளர்ந்துவிட்டதாகத் தலைமை அமைச்சர் அறிவித்தார். தெருவுக்குத் தெரு பட்டாசு வெடித்தார்கள்.

வளர்ச்சி நிற்கவில்லை. மூன்றாம் ஆண்டு கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் வரம்பைத் தாண்டி வளர்ந்திருந்தன. இடித்தார்கள். ஐந்தாம் ஆண்டு பனைகளும் தென்னைகளும் போயின. எட்டாம் ஆண்டு மாடி வீடுகளின் மாடிகள் போயின. பத்தாம் ஆண்டு வரம்பு தரையிலிருந்து ஏழு அடிக்கு வந்தபோது, தலையில் குடம் வைத்து நடப்பதும், குழந்தையைத் தோளில் ஏற்றுவதும், கையைத் தலைக்கு மேல் தூக்குவதும் தடை செய்யப்பட்டன. நெடுவயலில் தேர்தல் கை தூக்கி நடப்பது. அந்த ஆண்டு முதல், அரசை ஆதரிப்பவர்கள் சும்மா இருந்தால் போதும், எதிர்ப்பவர்கள் மட்டும் கை தூக்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. அதன்பிறகு எல்லாத் தேர்தல்களும் ஒருமனதாக நடந்தன.

இவ்வளவு நடந்தும் முனையம் மட்டும் ஒரு செங்கல்லை இழக்கவில்லை. அது ஆண்டுக்கு ஆண்டு தானாகவே தாழ்ந்து வரம்புக்குள் நின்றது. நாட்டில் சட்டத்தை மதிக்கும் ஒரே கட்டடம் என்று அதற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். உள்ளே இறங்கும் படிகளுக்கு ஏறுபடிகள் என்று பெயர் வைத்தார்கள்.

பதினொன்றாம் ஆண்டு வரம்பு ஆறு அடி. நாட்டில் ஆறு அடிக்கு மேல் பத்தொன்பது பேர் இருந்தார்கள். வரம்புக்கு மேல் இருக்க விமானப் பயணிகளுக்கு மட்டுமே உரிமை உண்டு என்பதால், அவர்கள் பயணிகளாக அறிவிக்கப்பட்டு, முனையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் சேர்க்கப்பட்டார்கள். விமானம் வந்ததும் ஏறிப் போகலாம். மூன்று மாதம் அவர்களுக்குச் சாப்பாடு உள்ளே போனது. பிறகு, போன சாப்பாடு தொடாமல் திரும்பி வரத் தொடங்கியது. நிறுத்திவிட்டார்கள். கூடத்தின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் மட்டும் தினமும் இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது: விமானம் சற்றுத் தாமதமாகிறது.

பன்னிரண்டாம் ஆண்டு வெயிலுமுத்து மட்டம் பார்த்துவிட்டுப் பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான். வீட்டுக்குக் கூரை கிடையாது. பத்தாம் ஆண்டுக்குப் பிறகு யார் வீட்டுக்கும் கிடையாது. நாலு சுவருக்கு மேல் வெள்ளை வெயில். அவன் மனைவி கோமேதகம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்.

“எவ்வளவு?” என்றாள்.

“இறக்கம் முப்பத்து நாலரை. வரம்பு அஞ்சரை அடி.”

அவள் கழுநீரைக் கீழே ஊற்றினாள். “அப்போ நாட்டுக்கு மேல மூணு அங்குலம் நிக்கேன்.”

“நீ கொஞ்சம் குனிஞ்சு நடந்தேன்னா...”

“மாசானம் ஆசாரி போன வருசம் குனிஞ்சுதான் நடந்தாரு. படுக்க வச்சு அளந்தான்லா அந்தச் சொர்ணப்பன். படுத்தாலும் நீளம் நீளம்தான்னு சொல்லி இழுத்துட்டுப் போனான். ஆசாரி இன்னைக்கு எங்க?”

வெயிலுமுத்து படிவத்தை எடுத்துத் தரையில் விரித்தான்.

“கல்யாணத்தன்னைக்கு உங்க அம்மா, ‘பனமரத்தைப் பிடுங்கிட்டு வந்திருக்கான்’னு ஊரு கேக்கச் சொன்னா. அதுக்கே நான் குனியல.”

“இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“எது நெசமோ அதை எழுதுங்க.”

“அதுக்குக் கட்டம் இல்ல, கோமேதகம்.”

“கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க. பேனா ஓடாதா?”

அவன் ஓரத்தில் எழுதினான். அதை எடுத்துக்கொண்டுதான் கூட்டத்துக்கு வந்திருந்தான்.

மூன்றாம் மாடியின் பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாக ஒரு காலத்தில் தலைநகர் முழுவதும் தெரியும். இப்போது கரும்பச்சை நீர் தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு கெளுத்தி கண்ணாடியை ஒட்டி வந்து, வாயைத் திறந்து மூடி, உள்ளே பார்த்தது. குறிப்பேட்டில் அதற்கு அழகுபடுத்தும் பணி என்று பெயர்.

தலைமை அமைச்சர் படிவத்தைக் கையில் வாங்கினார். “என்னய்யா, கட்டம் காலியா இருக்கு?”

“ஓரத்துல எழுதியிருக்கேங்க.”

அவர் உரக்கப் படித்தார். “ஓடுபாதை முப்பத்து நாலரை அடி இறங்கியுள்ளது. மக்கள் வளரவில்லை.”

கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேஜையில் விழுந்தது. விமானத்துறை அமைச்சர் எழுந்து, “துரோகம்! வளர்ச்சியைப் பார்த்து வயித்தெரிச்சல்!” என்று கையை உயர்த்தப் போய், பழக்கத்தில் பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

“உக்காருங்க திருமேனி. அவர் சொல்றது சரி,” என்றார் தலைமை அமைச்சர். “எனக்கு நாலாவது வருசமே தெரியும். ஒரு நாள் முதல் மாடியில என் அறைக்குப் போறேன், ஜன்னல்ல ஒரு கெண்டை என்னையே பார்க்குது. என் மாமனார் முகம் மாதிரியே.”

எல்லோரும் சிரித்தார்கள். காலி நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. எல்லோரும் எழுந்து அதற்குத் தலைவணங்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

“இதை அரசாங்கமே சொல்ல முடியாது பாருங்க. கீழேர்ந்து ஓர் ஆள் சொல்லணும். பன்னெண்டு வருசமாக் காத்திருந்தோம். நன்றி.”

“அப்போ என் வீட்டுக்காரி...”

“அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க வளரவே இல்லையே.”

வெயிலுமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டான். சுவர் ஈரமாக இருந்தது.

அப்போது வரம்பு அதிகாரி சொர்ணப்பன் தொண்டையைச் செருமினார். “ஐயா, ஒரு சின்ன சந்தேகம். மக்கள் வளரலைன்னா, ஊரே முப்பத்து நாலரை அடி உசரத்துல நிக்குதுன்னு ஆகுது. நெட்டையனும் அதே மேட்டுலதான் நிக்கான், குட்டையனும் அதே மேட்டுலதான் நிக்கான். ஓடுபாதை இன்னும் அஞ்சரை அடி இறங்குனா தரையே வரம்புக்கு வந்துரும். அப்புறம் தரை மேல நிக்கிற எல்லாருமே...”

“பயணிகள்,” என்றார் திருமேனிநாதன். அவர் முகம் மலர்ந்தது.

“ஓடுபாதையை உசத்திரலாங்களே,” என்று வெயிலுமுத்து அவசரமாகச் சொன்னான். “ஏரியில கட்டினதுதான் தப்புன்னு ஒத்துக்கிட்டு...”

“எந்த ஏரி?” என்றார் தலைமை அமைச்சர். அவர் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கெளுத்தி திரும்பிப் போனது.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. நெட்டை, குட்டை என்ற வேற்றுமை நெடுவயலில் இன்றோடு ஒழிந்தது. தரை எப்படியும் வரம்புக்கு வரப்போவதால், குடிமக்கள் அனைவரும் இன்றே பயணிகள். இத்தனை காலம் நெட்டையானவர்களுக்கு இழைத்த அநீதிக்கு ஈடாக, அவர்கள் கடைசியாக உள்ளே போகலாம். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்.

வெயிலுமுத்து கையைத் தலைக்கு மேல் தூக்கினான். ஒருவர் வெளியே செல்ல அனுமதி கேட்டார் என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அனுமதி வழங்கப்பட்டது.

அடுத்த மாதம் முழுவதும் மக்கள் உள்ளே போனார்கள். யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பலர் நல்ல துணி உடுத்தி, பெட்டி எடுத்து வந்தார்கள். கூரை இல்லாத வீட்டில் இருப்பதற்கு இது மேல் என்று சிலர் சொன்னார்கள். நான்காம் மாடியின் கதவுதான் இப்போது புறப்பாட்டு வாசல். உள்ளே ஆள் ஏற ஏற, பாரத்தில் முனையம் வேகமாக இறங்கியது. முதல் வாரம் நிமிர்ந்து நுழைந்தார்கள். மூன்றாம் வாரம் குனிந்து நுழைந்தார்கள். மண்ணுக்கு மேல் கதவின் பாதிதான் தெரிந்தது.

ஒரே மாதத்தில் மிக அதிகமான பயணிகள் நுழைந்த விமான நிலையம் என்று வெளிநாட்டில் ஒரு சங்கம் விருது அறிவித்தது. அதை வாங்கத் தலைமை அமைச்சரும் மற்ற அமைச்சர்களும் குடும்பத்தோடு கிளம்பினார்கள். கப்பலில் போனார்கள்.

கடைசி நாள், நல்ல பகலில், வாசலில் மூன்று பேர் இருந்தார்கள். ஊர்ப் பக்கமிருந்து நாய் குரைக்கும் சத்தம்கூட இல்லை. வெயிலுமுத்து மனைவியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தான்.

“நீ நில்லுப்பா,” என்றார் சொர்ணப்பன். “மட்டம் பார்க்க ஒருத்தன் வெளிய இருக்கணும். சட்டத்துல இருக்கு.”

“யாருக்கு மட்டம்? ஊர்ல யாரு இருக்கா?”

“விமானத்துக்கு. வர்றப்போ கேப்பாங்கல்ல?”

கோமேதகம் கணவன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“நான் எழுதியிருக்கக் கூடாது,” என்றான் அவன். “நீ மட்டும் எங்கயாவது ஒளிஞ்சு...”

“எழுதுனது சரிதான். பன்னெண்டு வருசம் பிந்தி எழுதிட்டீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. “சோத்துப் பானையில தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். நாளைக்கு மதியத்துக்கு மேல வச்சிராதீங்க, புளிச்சிரும்.”

“நேரமாகுதும்மா. குனிஞ்சு போங்க,” என்றார் சொர்ணப்பன். வாசல் இப்போது அவர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

“அதை உங்க வீட்டு வாசல்ல போய்ச் சொல்லுங்க.”

அவள் பெட்டியை உள்ளே தள்ளினாள். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி வாசலுக்குள் விட்டு, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி, கழுத்தை நேராக வைத்துக்கொண்டே கீழே சறுக்கினாள். இடுப்பு போனது. தோள் போனது. நிமிர்ந்த தலை கடைசியாகப் போனது.

வெயிலுமுத்து வாசலருகே மண்டியிட்டு, “ஏ கோமேதகம்,” என்றான். உள்ளே இருட்டு. நிறையப் பேர் ஒதுங்கி ஒருவருக்கு இடம் விடுகிற சத்தம் மட்டும் வந்தது.

சொர்ணப்பன் அவன் தோளைப் பிடித்து விலக்கினார். கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியை மாட்டிப் பூட்டினார்.