ஆயிரத்தொன்பது மூட்டையும் பகா அண்ணாச்சியும்

தூத்துக்குடியில் ஒரு எண்ணுக்காக உருகிய மனிதர் ஒருவர்தான் உண்டு. எழுபதுகளில் எங்கள் கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பிரிவில் இருந்த பி.எஸ்ஸி. கணிதக்காரர். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண்கள் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். அதனால் பெயரே பகா அண்ணாச்சி.

லாட்ஜில் இருபத்தொன்றாம் நம்பர் அறை கொடுத்தார்கள். மறுநாளே காலி செய்துவிட்டார். “மூணாலயும் வகுபடுது, ஏழாலயும் வகுபடுது. அதுல மனுசன் எப்படிலே தூங்குவான்?” கருவாட்டுக் கிட்டங்கியைப் பார்த்தாற்போல் இருந்த இருபத்துமூன்றாம் அறைக்குப் போய், அந்த நாற்றத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அவர் உயிரோ முப்பத்தொன்பது இலக்க எண் ஒன்றில் இருந்தது. டீ ஆறும்வரை அதன் வம்சப் பெருமையைக் கேட்கவேண்டும்.

“ரெண்டை ரெண்டு வாட்டி எழுதிப் பெருக்கி ஒண்ணைக் கழி, மூணு. மூணு வாட்டி எழுதிப் பெருக்கிக் கழி, ஏழு. ஏழு வாட்டின்னா நூத்தி இருவத்தேழு. நூத்தி இருவத்தேழு வாட்டி பெருக்கிக் கழிச்சா நம்ம பெரியவர்! அம்புட்டுப் பேரும் பகா எண். இப்படி ஒரு குடும்பம் ஊர்ல உண்டாலே?”

“அடுத்த தலைமுறை, அண்ணாச்சி?”

“அதான் உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியல” என்பார், மகளுக்கு வரன் அமையாத தகப்பன் முகத்தோடு.

நான் அப்போது தோணித்துறையில் மூட்டை எண்ணும் டேலி கிளார்க். ஒருமுறை கொழும்பில் இறங்கிய வத்தல் மூட்டை ஆயிரத்தெட்டு. எங்கள் ஆபீஸ் காகிதத்தில் ஆயிரத்தொன்பது. தோணியில் ஏற்றிய அன்றைக்கு நான் எண்ணியதும் ஆயிரத்தெட்டுதான். சொன்னால் யார் கேட்டது? மெட்ராசிலிருந்து புதிதாக வந்த மேனேஜர், ஒரு மூட்டையை நான் விற்றுத் தின்றுவிட்டதாக முடிவு கட்டி, “நாளையிலிருந்து வராதே” என்றார். அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

பகா அண்ணாச்சி எழுந்து வந்தார்.

“சார், தோணியில ஏத்துறதுக்கு முன்னால அடுக்கு எப்படி இருந்துச்சு?”

“பெட்டி மாதிரி. மேலே கேரம்போர்டே போடலாம்னு நான்தானே பாராட்டினேன்?”

“ஒத்தை மூட்டை எங்கயும் துருத்திக்கிட்டு நிக்கல?”

“இல்லை.”

“அப்போ அது ஆயிரத்தொன்பது இல்ல சார். அது பகா எண். பெட்டி மாதிரி நிக்கவே நிக்காது. ஒத்தை வரிசையா வச்சாத்தான் உண்டு. அப்படி வச்சா ரயில்வே ஸ்டேசன்ல போயி முடியும்.”

மேனேஜர் நம்பாமல் பென்சிலை எடுத்து வகுக்க உட்கார்ந்தார். “முப்பத்தொண்ணு வரைக்கும் போனாப் போதும் சார்” என்று அண்ணாச்சி சலுகை கொடுத்தார். பதின்மூன்றில் மேனேஜருக்கு வேர்த்தது. முப்பத்தொன்றில் பென்சிலைக் கீழே வைத்தார். ஆயிரத்தெட்டோ ஏழு அடுக்கில் அழகாக உட்கார்ந்தது.

அதன்பிறகுதான் விஷயம் புரிந்தது. எங்கள் பக்கம் முதல் மூட்டையை ஒன்று என்று எண்ணமாட்டோம். ‘லாபம்’ என்போம், அடுத்தது இரண்டு. அந்த லாப மூட்டையை நான் கணக்கில் விட்டுவிட்டதாக நினைத்து, மேனேஜரே ஒன்றைக் கூட்டி எழுதியிருக்கிறார். மனிதர் நல்லவர். எல்லோர் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

வாசலில் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

“அழாதலே. எனக்கு முதல்லயே தெரியும்.”

“அது பகா எண்ணுன்னுதானே, அண்ணாச்சி?”

“நீ எடுத்திருக்கமாட்டேன்னு. மேனேஜருக்குத்தாம்லே கணக்கு வேண்டியிருந்துச்சு.”

அந்த வேலையில் இருந்துதான் இரண்டு தங்கைகளையும் கட்டிக்கொடுத்தேன். எங்கே இருந்தாலும் நல்லா இருங்க அண்ணாச்சி.