இருபத்தேழாம் பக்கம்

"நான் இலையைக் கேக்கலைடி! நட்சத்திரத்தைக் கேக்கறேன்!"

"அதைத்தானேப்பா சொல்லிண்டிருக்கேன்..."

"என்னத்தைச் சொன்னே? இலை நீ போட்டது. ஒத்துண்டாச்சு. அதோட ஒட்டிண்டு நிக்கறதே ஒண்ணு..."

"ஒட்டிண்டெல்லாம் நிக்கலை. பக்கத்துல இடம் இருந்தது, போட்டேன்."

"எல்லாப் புஸ்தகத்துலயும் அது பக்கத்துல மட்டும்தான் இடம் இருந்ததாக்கும்!"

கூடத்து மேஜையில் நாலு காதல் நாவல்கள் மல்லாந்து கிடந்தன. நாலிலும் இருபத்தேழாம் பக்கம் திறந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு குட்டி இலை. அதை உரசினாற்போல் ஒரு நட்சத்திரம்.

ஹாலாஸ்யம் அரசாங்கக் கணக்குத் தணிக்கைப் பிரிவில் இருந்தவர். யாரையும் நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றபோது சம்பளம்தான் நின்றது.

"வாடகை நூலகத்துல எல்லாரும் பண்றதுதான்ப்பா" என்றாள் மதுவந்தி. ஸ்கூலில் முப்பது பிள்ளைகளை மேய்க்கும் கம்ப்யூட்டர் டீச்சர், அப்பாவுக்கும் அதே பொறுமையோடு பாடம் நடத்தினாள். "பாதி புக்குக்கு அட்டை ஒரே மாதிரி இருக்கும். மீதிக்கு அட்டையே இருக்காது. படிச்சதையே திரும்பத் தூக்கிண்டு வந்துடக் கூடாதுன்னு ஆளுக்கு ஒரு அடையாளம் வெச்சுப்பா. புக்கு பூரா கிறுக்காதீங்க, இருபத்தேழாம் பக்கத்துல மட்டும் போடுங்கன்னு மேரி ஆன்ட்டி சட்டமே போட்டிருக்கா."

"சரி. நட்சத்திரம் யாரு?"

"யாருக்குத் தெரியும்? ஆனா என்ன ரசனை தெரியுமா! ஒரு ஸ்டார் இருந்தா கண்ணை மூடிண்டு எடுக்கலாம். ரெண்டு ஸ்டார்னா அன்னிக்குச் சாப்பாடு இறங்காது. அதான் ஸ்டார் இருக்கறதாப் பாத்துப் பாத்து எடுக்கறேன்."

இதை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

"கேட்டியா பாலா? பாத்துப் பாத்து எடுக்கறாளாம்!"

அவர் மனைவி பாலாம்பாள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே நிமிராமல் சொன்னாள். "இந்தக் காலத்துல எந்தப் பையன் பென்சிலை வெச்சுண்டு காதலிக்கறான்? எல்லார் கையிலயும் போன் இருக்கு."

"அதான்டி சாமர்த்தியம்! போன்னா நான் பாத்துடுவேனோன்னோ!"

"என் போனைப் பாக்கறியா நீ?" என்றாள் மதுவந்தி.

ஹாலாஸ்யம் அவசரமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "பேச்சை மாத்தாதே. வர்ற மாசம் ஸ்ரீராம்குமார் ஆத்துலேர்ந்து உன்னைப் பாக்க வரா. நல்ல இடம். இந்த நட்சத்திரம் நடுவுல மொளைச்சு அது தட்டிப் போச்சுன்னா நான் யார் மூஞ்சியில முழிப்பேன்?"

அந்த இடம் தட்டிப் போகக் கூடாது என்பதில் மதுவந்திக்கும் அக்கறை இருந்தது. போனில் முதல் தடவை பேசியபோதே அவள் ஸ்ரீராம்குமாரிடம், "கதைன்னா சந்தோஷமா முடியணுமா, அழ வைக்கணுமா?" என்று கேட்டிருந்தாள். "எங்கம்மா எனக்கு எல்லாக் கதையும் பாதிதான் சொல்லுவா. மீதிக்கு என்னாச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியாது" என்றான் அவன். அங்கேயே விழுந்துவிட்டாள்.

"அப்பா, சத்தியமா எனக்கு அந்த ஸ்டார் யாருன்னு தெரியாது."

"தெரியாதோன்னோ? நான் கண்டுபிடிக்கறேன். உன் கார்டைக் குடு. இனிமே புஸ்தகத்தை நான் எடுத்துண்டு வரேன். முதல்ல நான் படிப்பேன். தப்பா ஒண்ணும் இல்லேன்னா அதே இருபத்தேழாம் பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டுக் குடுப்பேன். சுழி இல்லாத புஸ்தகம் இந்த ஆத்துக்குள்ள வரப்படாது."

ஹாலாஸ்யத்தின் பிள்ளையார் சுழி ஆபீஸிலேயே பெயர் போனது. 'உ'னாவின் வாலை நீளமாக இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் இரண்டு புள்ளி வைப்பார். மளிகைச் சிட்டையானாலும் அது இல்லாமல் பேனா நகராது. அது இருக்கிற தாளைப் பார்த்தால் அந்தக் காலத்தில் ஒப்பந்தக்காரர்கள் பழைய ரசீதையெல்லாம் தேட ஆரம்பிப்பார்கள்.

மறுநாளே அண்ணா நகர் சந்திலிருந்த நூலகத்துக்குப் போய் நின்றார். அற்புதமேரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நட்சத்திரமா? எனக்கு எப்படி சார் தெரியும்? இங்கன எம்புட்டுப் பேரு வாராக! கோலம் போடுறவுக இருக்காக, மீன் போடுறவுக இருக்காக. யாரு எதைப் போடுறாகன்னு நான் கேக்குறதே இல்ல. அவுகவுக ரகசியம்."

"ரகசியம்! நீங்களே சொல்லிட்டேள்!"

"அய்யோ மாதாவே, ஒரு வார்த்தைக்குச் சொன்னேன் சார்."

"ஆண்கள் வராளா?"

"வாராக. நீங்க வரலையா?"

அதற்கு மேல் அங்கே துப்புத் துலங்கவில்லை. ஆகவே புத்தகத்திலேயே துலக்குவது என்று முடிவு செய்தார். புதிதாக என்ன வந்தாலும் முதலில் அவர் எடுத்தார். சாய்வு நாற்காலியில் சாய்ந்து, சிவப்புப் பேனாவை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, எதிரியின் கோட்டைக்குள் நுழைகிற மாதிரி முதல் பக்கத்தைத் திருப்பினார்.

பழைய கதைகளில் கதாநாயகன் நூறு பக்கம் வரைக்கும் அவளை நிமிர்ந்து பார்க்க மாட்டான். புதுக் கதைகளில் முதல் பக்கத்திலேயே முறைப்பான். பெரிய கம்பெனி வைத்திருப்பான், ஆனால் ஒரு நாள்கூட வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. ஹாலாஸ்யத்துக்கு முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு, அவன் ஏன் அப்படி முறைக்கிறான் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில், "பாலா, சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வை. அவ ரயில் ஏறிட்டா, இவனுக்கு இன்னும் சேதி தெரியலை" என்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

"என்னன்னா, கண் கலங்கியிருக்கு?"

"தூசி. பழைய புஸ்தகம்."

"அட்டை பளபளன்னு இருக்கே?"

"புதுத் தூசி."

பாலாம்பாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்த ரெண்டாவது புக்குக்கு இன்னும் சுழி போடலையா?" என்று மதுவந்தி தினம் கேட்டாள்.

"விசாரணையில இருக்கு!"

இதற்கிடையில் ஒரு விபரீதம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் நட்சத்திரம் இருக்கிற புத்தகத்தை மதுவந்தி தேடி எடுப்பாள். இப்போது இவர் சுழி போட்டுத் திருப்பிக் கொடுத்த புத்தகத்திலெல்லாம் நாலைந்து நாளில் நட்சத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது. சுழிக்குப் பக்கத்திலேயே.

"பயல் என் பின்னாலேயே வரான்டி! என்னையே வேவு பாக்கறான்!"

"வேவும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க நல்ல கதையா எடுக்கறேள்னு எடுக்கறவாளா இருக்கும்" என்றாள் பாலாம்பாள்.

சும்மா விடுவதா? வீட்டுக்குக் கொண்டுவராமல் நூலகத்து வாசலிலேயே நின்று, புதுப் புத்தகம் ஒன்றில் சுழி போட்டு, கீழே எழுதினார்: 'நீ யார் என்று எனக்குத் தெரியும்.' சும்மா மிரட்டல்தான். ஆபீஸில் பலித்த மிரட்டல்.

அடுத்த வாரம் பார்த்தபோது அதன் கீழ் இரண்டு நட்சத்திரம். பக்கத்தில் பொடி எழுத்தில்: 'அப்படியா? யார், சொல்லுங்கள் பார்க்கலாம்!'

ஹாலாஸ்யத்துக்கு ரத்தம் கொதித்தது. என்ன திமிர்! அதுவும் ஆச்சரியக்குறி போட்டு! ஆளை நேரில் வரவழைத்து மடக்குவதுதான் வழி. பெண்பிள்ளை எழுதுகிற மாதிரி குழைந்து எழுத வேண்டும். படித்த அத்தனை கதைகளும் கைகொடுத்தன. வழக்கம்போல் மேலே சுழி போட்டுவிட்டு எழுதினார்: 'எத்தனை நாள் இப்படிக் காகிதத்திலேயே சந்திப்பது? வெள்ளிக்கிழமை மாலை, தெப்பக்குளம், முக்தீஸ்வரர் கோயில் பக்கத்துப் படி. வருவீர்கள் என்ற நம்பிக்கையில்.'

எழுதி முடித்ததும் அவருக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

புத்தகத்தை வாங்கி வைக்கும்போது அற்புதமேரி குரலைத் தாழ்த்தினாள். "சார், உங்களை மாதிரியே இன்னொருத்தரும் நேத்து வந்து ஒரே சத்தம். இருபத்தேழாம் பக்கத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, எவன் இவன், எங்க வீட்டுப் பொம்பளை படிக்கிற புக்குலயெல்லாம் எவன் வந்து உக்காந்துக்கிட்டு இருக்கான்னு குதிக்கிறாரு. எனக்குப் பயமாப் போச்சு."

ஹாலாஸ்யம் மேஜையைத் தட்டினார். "பாத்தேளா! பயலுக்கு நம்ம ஆத்து மேல மட்டும் இல்லை, இன்னொரு ஆத்து மேலயும் கண்ணு இருக்கு! எந்தப் பொண்ணைப் பெத்த மகராஜனோ, பாவம்!"

வெள்ளிக்கிழமை தெப்பக்குளத்தில் தண்ணீர் தளும்பியது. சுவர்மேல் ஜோடி ஜோடியாகக் கல்லூரிப் பிள்ளைகள். ஹாலாஸ்யம் படியோரமாக நின்று, தனியாக வருகிற ஒவ்வொரு பையனையும் முறைத்தார். பையன்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

சற்றுத் தள்ளி இன்னொருவர் நின்றார். நல்ல வாட்டசாட்டம், பட்டை மீசை, இவர் வயதுதான். அவரும் எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் முறைப்பதற்கு யாரும் இல்லாமல் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"யாருக்காவது காத்துண்டிருக்கேளா?" என்றார் ஹாலாஸ்யம்.

"ஒரு கடங்காரனுக்கு."

"அட! நானும்தான்!"

"ஆத்து விஷயமா?"

"மான விஷயம்."

"எனக்கும் அதேதான் ஸ்வாமி!" பட்டை மீசை நெருங்கி வந்தார். "சொன்னா வெட்கக்கேடு. நேர்ல மட்டும் கெடைச்சான்னா, இந்தக் குளத்துல அப்படியே தள்ளிடுவேன். தண்ணி வேற நிறைய இருக்கு."

"நீங்க தள்ளுங்கோ" என்றார் ஹாலாஸ்யம் உருகிப்போய். "கையை நான் பிடிச்சுக்கறேன்."

அவித்த கடலை வாங்கிப் பாதிப்பாதி தின்றார்கள். இருட்டுகிற வரை கடங்காரன் வரவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் பேர், விலாசம் கேட்பது நாகரிகம் இல்லை என்று இருவருமே கேட்கவில்லை. "பகவான் இருக்கான்" என்று மட்டும் சொல்லிப் பிரிந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்குமார் வீட்டார் வந்தார்கள். ஸ்ரீராம்குமார் முதலில் நுழைந்தான். பின்னால் அவன் அம்மா ராஜஸ்ரீ. கடைசியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார் அவன் அப்பா கிருஷ்ணபிரசாத். பட்டை மீசை.

ஹாலாஸ்யம் வாயைத் திறந்தார். வந்தவர் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். இவரும் கண்ணாலேயே 'புரிஞ்சுது' என்றார்.

ஆனால் தணிக்கை மூளை சும்மா இருக்குமா? 'ஜாதகத்தோட வந்த குறிப்புல ஒரே பிள்ளைன்னுதானே இருந்தது. பொண்ணே இல்லையே. அப்போ இவர் யாருக்காக...' என்று யோசிக்கும்போதே ராஜஸ்ரீ ஒரு கூச்சல் போட்டாள்.

"ஐயோ, இந்த புக்கா! இதை நான் முடிச்சாச்சே!" மேஜைமேல் இருந்த நாவலை எடுத்துச் சரசரவென்று புரட்டினாள். "இதோ பாரு, என் நட்சத்திரம்!"

காபி டம்ளர்களோடு வந்த மதுவந்தி அப்படியே நின்றாள். "ஸ்டார்... நீங்களா மாமி?"

"இலை... நீயா?"

அப்புறம் அங்கே ஸ்ரீராம்குமாரை யார் பார்த்தார்கள்? மாமியாரும் மருமகளும் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கதையில் யார் யாருக்காக அழுதார்கள் என்று ஆரம்பித்துவிட்டார்கள். "அம்மா, இப்பவாவது முடிவைச் சொல்லேன்" என்று அவன் நடுவில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

ஹாலாஸ்யத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டது. கடங்காரனும் இல்லை, காதலும் இல்லை. சம்பந்தி அம்மாள்! விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும்போல் இருந்தது. பாலாம்பாளைப் பார்த்தார். அவள் 'நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா' என்ற முகத்தோடு கேசரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இலை என் பின்னாலேயே வருமே, யாரோ சின்னப் பொண்ணா இருக்கும்னு நினைச்சேன்" என்றாள் ராஜஸ்ரீ. "இப்பக் கொஞ்ச நாளா இன்னொருத்தர்கூட..."

"ராஜி." கிருஷ்ணபிரசாத் தொண்டையைச் செருமினார். "காபி ஆறறது."

ராஜஸ்ரீ அவசரமாக டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

ஹாலாஸ்யம் இருந்த குஷியில் எதுவும் காதில் விழவில்லை. "அப்புறம் என்ன தாமசம்? நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாத்துடலாம். நீங்க சொல்லுங்கோ, நான் எழுதிக்கறேன். பாலா, ஒரு வெள்ளைத் தாள் கொண்டா!"

தாள் வந்தது. மேஜைமேல் வைத்துத் தடவிவிட்டார். மகளின் கல்யாண விஷயமாக எழுதப்போகும் முதல் எழுத்து. சாதாரணமாகப் போட முடியுமா? கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டு, நடுமத்தியில் பெரிதாக 'உ' போட்டார். வாலை நீளமாக இழுத்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். அடியில் அழுத்தமாக இரண்டு புள்ளி வைத்தார்.

நிமிர்ந்தால், எதிரே கிருஷ்ணபிரசாத் டம்ளரைக் கீழே வைத்துவிட்டிருந்தார். ராஜஸ்ரீ விரித்து வைத்த நாவலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, இருபத்தேழாம் பக்கத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார். பட்டை மீசை ஒரு பக்கமாக ஏறியது.

"சம்பந்தி" என்றார் மிக அன்பாக. "உங்களுக்கு நீச்சல் தெரியுமோ?"