வஞ்சிரத்துக்கு வந்த துணிச்சல்

ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் நிற்க இடமில்லை. முகூர்த்தம் எதுவும் கிடையாது. மேடைப் பயத்தைப் போக்கும் மின்னணுக் காப்பு வாங்கத்தான் இந்த நெரிசல். செம்பாக்கத்திலிருந்தும் பீர்க்கன்கரணையிலிருந்தும் படித்தவர்களே முண்டியடித்து வந்திருந்தார்கள். படிக்காதவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

'வாக்குக் காப்பு' என்று அதற்குப் பெயர். மணிக்கட்டில் கட்டினால் பச்சை விளக்கு எரியும். 'துணிச்சல் 98' என்று எண் வரும். அப்புறம் எந்தக் கூட்டத்திலும் பேச்சு அருவியாகக் கொட்டுமாம். விற்றவர் வேதாசலம். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மண்டபத்தில் ராசிக்கல் விற்றவர்தான். இப்போது கோட்டு மாட்டிக்கொண்டு மைண்ட் கோச் ஆகிவிட்டார். கல்லை விட்டவர் ராசியை விடவில்லை. எந்த ராசிக்காரர் எந்தக் கையில் கட்ட வேண்டும் என்று அட்டவணை கொடுத்தார். ராகு காலத்தில் சார்ஜ் போடக் கூடாதாம். ப்ளூடூத்துக்கு ராகுவிடம் அப்படியென்ன பயம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

செம்பாக்கம் ராஜகோபால் மைக்கைப் பிடித்தார். ஏரியை ஒட்டி நாலு மனை வைத்திருப்பவர். குடியிருப்போர் சங்கத் தலைவராக வேண்டும் என்று ஆசை. "இதக் கட்டினதுலருந்து செம கான்ஃபிடன்ஸ் சார்!" என்றார். அடுத்த வரி மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது.

அந்த நேரத்தில்தான் ஜோதிலட்சுமி மீன் கூடையோடு உள்ளே வந்தார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மீன் விற்பவர். அங்கே கடை போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு பெண்களுக்காக இவர்தான் அதிகாரிகளிடம் பேச வேண்டும். போன வாரம் அதிகாரிகள் கூட்டத்துக்கு, இதே வேதாசலத்திடம் முன்பே வாங்கிய காப்பைக் கட்டிக்கொண்டு போய், வாயே திறக்காமல் திரும்பியிருந்தார். நாளை கடைசிக் கூட்டம். நாளையும் ஊமையாக நின்றால் பன்னிரண்டு குடும்பத்தின் பிழைப்பும் போச்சு.

"இன்னா சார், கைல தொண்ணூத்தெட்டு காட்டிகினு கீது. வாய்ல ஒரு வார்த்த வரல. இன்னா மேட்டரு?"

"ராகு காலத்துல சார்ஜ் போட்டிருப்பீங்கம்மா. முதல்ல நம்பிக்கை வேணும்," என்றார் வேதாசலம்.

"அப்ப நம்பிக்கையே இல்லாத ஆளுக்குக் கட்டிப் பாப்போம் சார்."

ஜோதிலட்சுமி கூடையோடு மேடையேறினார். கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்தார். தன் காப்பைக் கழற்றி அதன் வாலில் சுற்றிக் கூட்டத்துக்குக் காட்டினார். பச்சை விளக்கு. துணிச்சல் 98.

"விடிகாலைலருந்து ஐஸ்ல கெடக்குது. உசுரே இல்ல. நாளைக்கு இது வந்து பேசுமா எங்களுக்கு?"

மண்டபம் சிரித்தது. வேதாசலம் அசரவில்லை. "அது மீன ராசிம்மா... அதுக்கு நல்லா வேலை செய்யும்." முன்வரிசையில் ஒரு பேராசிரியர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"அப்டியா? உன் ஷூவக் கழட்டு. அதுக்கு இன்னா ராசின்னு பாப்போம்."

வலது கால் ஷூவுக்கும் 98தான் வந்தது. கூட்டம் எழுந்து பணத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தபோது, மைண்ட் கோச் ஒற்றை ஷூவோடு சமையற்கட்டு வழியாக ஓடிக்கொண்டிருந்தார்.

ஜோதிலட்சுமியின் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. முந்நூறு பேர் முன்னால் பேசி முடித்திருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "கை நடுங்குனா நடுங்கட்டும். நாளைக்கும் இப்டியே பேசிட்டு வந்துடறேன்," என்று கூடையைத் தூக்கினார்.

ராஜகோபால் ஓடிவந்து வழி மறித்தார். "சூப்பராப் பேசினீங்கம்மா! இன்னொரு கைல வேற கம்பெனி காப்பு கட்டியிருக்கீங்களா?"

ஐயா பெரியவர்களே, கழுத்துக்கு மேலே ஒன்று வைத்திருக்கிறீர்கள். வாங்கிய நாளிலிருந்து உறையே பிரிக்கவில்லை. ஒரு நாளாவது அதைப் போட்டுப் பாருங்கள்.