பாஸ்டர் கெல்வின் உபவாசத்தில் இல்லை

பாஸ்டர் கெல்வினுக்குச் சபை மக்கள் மீது திடீரென்று அக்கறை பொங்கியது. அது பொங்கிய வாரமும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஓட்ஸ் வந்து சேர்ந்த வாரமும் ஒன்றுதான். தற்செயல் என்று அவர் சொல்வார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

கெல்வினுக்கு வயது முப்பத்தொன்று. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் ஒரு சின்னத் தமிழ்ச் சபையில் வாலிபர்களுக்குப் போதகர். கித்தார் வாசிப்பார், ஃபுட்சால் ஆடுவார், வாலிபர் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிடுவார். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதில்தான் அவருக்கு உண்மையான வரம். போன மாதம் கிளினிக்கில் இரத்தம் கொடுத்துவிட்டு முடிவு கேட்கப் போனபோது, டாக்டர் அவரைப் பார்க்காமல் அவர் மனைவியைப் பார்த்துப் பேசினார். சர்க்கரை வாசல் வரை வந்து நிற்கிறதாம். இன்னும் கொஞ்சம் உபசரித்தால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளுமாம்.

மனைவி தனுஜா, பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். பழுதான சரக்கு எதுவும் அவள் கண்ணில் படாமல் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. அன்று மாலையே அந்த வீட்டில் சீனி டப்பா காலியானது.

"இது என்ன தனு?"

"ஓட்ஸ்."

"காலையில சாப்பிட்டதும் ஓட்ஸ்தானே?"

"காலையில சாப்பிட்டது கஞ்சி. இது உப்புமா."

"மத்தியானம்?"

"அது தோசைங்க."

"பேருதான்லா மாறுது. ருசி மாறலயே!"

"டாக்டர் ருசியைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க."

மூன்றாம் நாள் கெல்வினுக்கு அந்த யோசனை உதித்தது. ஞாயிறு ஆராதனை முடிவில் எழுந்து நின்று, இனி வாரநாட்களில் மாலை நேரத்தில் வீடு வீடாகச் சென்று ஜெபிக்கப் போவதாக அறிவித்தார். சபை நெகிழ்ந்துபோனது. பெரிய போதகர் தோளில் தட்டிக்கொடுத்தார். பினாங்கில் எந்தத் தமிழ் வீட்டிலும் ஜெபிக்க வந்த போதகரைச் சாப்பிடாமல் அனுப்புவதில்லை என்பது கெல்வினுக்குத் தெரியும். ஜெபம் பத்து நிமிடம், சாப்பாடு ஒரு மணி நேரம். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மனம் நோகும். மனம் நோகச் செய்வது ஊழியக்காரனுக்கு அழகா?

முதல் வாரத்துக்கு இரண்டு வீடுகளை மிகவும் ஜெபித்துத் தேர்ந்தெடுத்தார். திங்கட்கிழமை வெரோனிக்கா ஆன்ட்டி வீடு. ஆட்டுக்கறி வறுவலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. புதன்கிழமை பாலிக் புலாவில் மைக்கேல் அண்ணன் வீடு. அவருக்குச் சொந்தப் படகு இருக்கிறது. படகு இருந்தால் நண்டும் இருக்கும்.

"நல்ல ஊழியம்ங்க" என்றாள் தனுஜா. "போற இடத்துல ஒண்ணும் சாப்பிட மாட்டீங்கல்ல?"

"சாப்பாடா? ஆத்துமாதான் முக்கியம் தனு."

"அப்ப சரி. சபை அக்காமாருங்ககிட்ட சொல்லி நானும் உங்களுக்காக ஜெபிக்கச் சொல்றேன்."

அவள் சிரித்த சிரிப்பைக் கெல்வின் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனம் அதற்குள் வறுவலில் இருந்தது.

திங்கள் மாலை வெரோனிக்கா ஆன்ட்டியின் ஃபிளாட்டில் லிஃப்டை விட்டு இறங்கியதுமே மசாலா வாசனை எதிரில் வந்து வரவேற்றது. கெல்வின் அன்று மத்தியானம் வேண்டுமென்றே பாதி சாப்பிட்டிருந்தார். சோபாவில் உட்கார்ந்தார். ஆன்ட்டி தட்டேந்தி வந்தார். தட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் மட்டும் இருந்தது.

"சுடுதண்ணி, பாஸ்டர்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி. வாசனை தூக்குதே! வறுவலா?"

"ஐயோ, மன்னிச்சிருங்க பாஸ்டர்! நீங்க உபவாசம்னு தெரிஞ்சும் சன்னலைச் சாத்த மறந்துட்டேன்."

"உபவாசமா? யாரு?"

"நீங்கதான். எங்களுக்கெல்லாம் தெரியும்."

"இல்ல ஆன்ட்டி. சத்தியமா நான் உபவாசத்துல இல்ல!"

ஆன்ட்டியின் கண்கள் கலங்கின. "பாத்தீங்களா, வெளிய சொல்லிக்கக்கூட மாட்டேங்கிறீங்க. உபவாசம் அந்தரங்கத்துல இருக்கணும்னு வேதம் சொல்லுது, இப்படித்தான் மறைக்கணும். இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்தத் தாழ்மை!"

கெல்வின் வாழ்நாளில் இவ்வளவு பச்சையாக உண்மை சொன்னதே இல்லை. அதற்குக் கிடைத்த பலன் இன்னொரு டம்ளர் சுடுதண்ணீர். உபவாசக்காரரின் ஜெபத்துக்கு வலிமை அதிகம் என்பதால் மகனின் வேலை, மருமகளின் முட்டிவலி, கீழ்வீட்டுக்காரரின் நாய் என்று ஆன்ட்டி வரிசையாகச் சொல்லச் சொல்ல, அவர் எல்லாவற்றுக்கும் ஜெபித்தார். நாய் இனி இரவில் குரைக்காது என்று விசுவாசிக்கிறாராம்.

புதன்கிழமை நம்பிக்கையைப் புதுப்பித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மலைப்பாதை ஏறி பாலிக் புலாவில் இறங்கினார். மைக்கேல் அண்ணன் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்டர், பயப்படாதீங்க. உங்களுக்கு ஒரு சோதனையும் வராது. பிள்ளைங்களை சமையல்கட்டுல உட்கார வச்சு கதவைச் சாத்திட்டேன்."

"அண்ணே, நான் ஒரு உண்மையைச் சொல்லணும். எனக்குப் பசிக்குது."

"பசிக்காம இருக்குமா பாஸ்டர்? பசிக்கலன்னா அது உபவாசமே இல்ல!"

கதவுக்குப் பின்னால் நண்டு ஓடு உடையும் சத்தம் கேட்டது. கெல்வின் கண்களை மூடி படகு இன்ஜினுக்காக ஜெபித்தார். டக். மகளின் பரீட்சைக்காக ஜெபித்தார். டக், டக். டுரியான் மரங்கள் பூப்பதற்காக ஜெபிக்கும்போது யாரோ ஒரு பிள்ளை விரலைச் சப்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பாஸ்டரின் குரல் உடைந்தது. அண்ணனும் சேர்ந்து அழுதார். இப்படி உருகி யாரும் அந்த வீட்டில் ஜெபித்ததில்லையாம்.

திரும்பும் வழியில் கெல்வின் துணிந்துவிட்டார். சபைக்காரர்கள்தானே பிரச்சனை? பாயான் பாருவில் அவர் ஃபிளாட்டுக்குக் கீழே ஹபீபா பீவியின் நாசி கண்டார் சோற்றுக்கடை இருக்கிறது. அந்த அக்காவுக்கும் சபைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"அக்கா, ஒரு சோறு. கோழி, மீன் முட்டை, குழம்பு எல்லாம் கலந்து ஊத்துங்க."

கரண்டி அண்டாவுக்குள் போய் அங்கேயே நின்றது.

"தம்பி, நீங்க நோன்புல இருக்கீங்களாமே? என் மக சொன்னா. உங்க மிஸஸோட சேர்ந்துதானே வேலை பாக்கறா."

கெல்வின் சுதாரித்துக்கொண்டார். "பொழுது சாஞ்சிருச்சே அக்கா. இப்ப சாப்பிடலாம்லா."

"உங்க ஆளுங்க எப்ப நோன்பு திறப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுலா. நேரம் தவறி சோறு போட்ட பாவம் எனக்கு வேணாம். ஒரு வார்த்தை வீட்டுல கேட்டுக்கறேன்."

"வேணாம் அக்கா! சுசா வேணாம், சிரமப்படாதீங்க, போன் எல்லாம் எதுக்கு?"

போன் அதற்குள் காதுக்குப் போய்விட்டது. பேசி முடித்த ஹபீபா பீவி கனிவோடு மூடியை எடுத்து அண்டா மேல் வைத்தார். "மேல எல்லாம் ரெடியா இருக்காம். வீட்டுல வந்து திறக்கச் சொல்றாங்க."

ஒன்பதாம் மாடி வரை கெல்வின் கோபத்தை ஊதி ஊதி வளர்த்துக்கொண்டு போனார்.

"தனு! ஊழியக்காரன் பெஞ்சாதி பொய் சொல்லலாமா?"

"என்ன பொய்?"

"நான் உபவாசம்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கே!"

"அந்த வார்த்தையே நான் சொல்லலீங்க. 'என் வீட்டுக்காரர் சாப்பாட்டு விஷயத்துல ஒரு தீர்மானம் எடுத்திருக்காரு, யாரும் வற்புறுத்தாம, அவர் உறுதியா நிக்க ஜெபிச்சுக்குங்க'ன்னு கேட்டேன். அவ்வளவுதான். மிச்சத்தை அவங்களா நினைச்சுக்கிட்டாங்க."

"தீர்மானம் எடுத்தது நானா? நீதானே!"

"கல்யாணம் பண்ணப்போற பிள்ளைங்களுக்கு யாரு வகுப்பு எடுக்கறது? புருஷனும் பெஞ்சாதியும் ஒரே உடம்புன்னு போன மாசம்கூட போர்டுல எழுதிக் காட்டினீங்க. அந்த உடம்புக்குத்தான் நான் தீர்மானம் எடுத்தேன்."

போர்டில் எழுதியது உண்மை. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டதும் உண்மை. கெல்வின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தனுஜாவின் குரல் இறங்கியது. "எங்கப்பாவும் இப்படித்தாங்க. வீட்டுல பத்தியம், வெளிய விருந்து. கடைசியில டயாலிசிஸ் மெஷின் பக்கத்துல உட்கார்ந்துகிட்டு, என்னை ஏன் யாரும் தடுக்கலன்னு எங்கம்மாவைக் கேட்டாரு. நாளைக்கு நீங்க என்னை அப்படிக் கேக்கக்கூடாது."

கெல்வினுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இவ்வளவு பாசத்தை ஓட்ஸ் என்று நினைத்து இத்தனை நாளாக முகம் சுளித்தோமே என்று மனம் கரைந்தது. அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு தட்டில் இருந்த ஓட்ஸ் உப்புமாவை வழித்துச் சாப்பிட்டு, இன்னொரு முறையும் வாங்கிக்கொண்டார். பசியில் அது ருசியாகக்கூட இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை.

மனம் திருந்தினாலும் நாக்கு அவ்வளவு சீக்கிரம் திருந்துமா? சனிக்கிழமை சபை மண்டபத்தில் சபைப் பெண் ரோசலினின் கல்யாணம். பிரியாணி விருந்து. மணமக்களோடு முன்மேசையில் உட்காரும் போதகரை, அத்தனை பேர் நடுவில், எந்த மனைவியும் தடுக்க முடியாது. ஒரே ஒரு நாள். அப்புறம் ஆயுசுக்கும் ஓட்ஸ்.

முகத்தை மிகவும் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டார். "தனு, சனிக்கிழமை கல்யாணத்துக்கு எந்தச் சட்டை போடலாம்? அந்த வெள்ளைச் சட்டை?"

"வெள்ளை வேணாங்க, கறை படும். ரோசலின் அம்மா போன் பண்ணாங்க. போன கல்யாணத்துல பரிமாறுறவங்களே பாதிக் கறியை முடிச்சிட்டாங்களாம். பிரியாணி அண்டாகிட்ட நம்பி நிறுத்த சபையில உங்களை விட்டா ஆளே இல்லையாம். கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க கரண்டியோட நிப்பீங்கன்னு சொல்லிட்டேன்."