ஷஃபக் என்று ஒரு வொய்ஸ்

ஊரில் யாருக்கும் இல்லாத பெயரைத் தன் பிள்ளைக்கு வைக்க ஆசைப்படும் தகப்பனுக்கு வாய் இருக்கக் கூடாது. எனக்கு வாயும் இருந்தது, கையில் போனும் இருந்தது.

மகள் பிறந்த மாலை, நிந்தவூர் வயல்களுக்கு மேலே சூரியன் இறங்கிய பிறகும் வானம் சிவந்தே கிடந்தது. அந்தச் சிவப்புக்கு அரபியில் ஷஃபக் என்று பெயர். வானத்தில் ஒரு துண்டைச் சீலையில் சுற்றித் தந்ததுபோல் பிள்ளையும் சிவந்திருந்தாள். கல்முனையிலிருந்து பாலமுனை வரை எனக்குத் தெரிந்த யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. அந்தச் சொல்லை இறைவன் எனக்காகவே ஒளித்து வைத்திருந்தான் என்று நம்பினேன். (அப்படி நம்புகிறவனை வீட்டில் கட்டிப்போட வேண்டும்.)

சிக்கல் கடைசி எழுத்தில் இருந்தது. அந்த ‘க்’ நாக்கில் பிறப்பதல்ல. அடித்தொண்டையின் இருட்டிலிருந்து எழும்பி வருவது. நாங்கள் குடியிருந்தது மனைவியின் உம்மா வீட்டில். மாமிக்குத்தான் முதலில் பாடம் எடுத்தேன்.

“சபக்கு,” என்றார் மாமி.

“சேத்துக்குள்ள கால வச்ச மாதிரிக் கேக்குது மாமி. தொண்டையில இருந்து எடுங்க.”

“தொண்டையில இருந்து எடுத்தா சளிதான் வரும் மகன். ஒரு ஆயிஷா, பாத்திமா வச்சா என்ன?”

ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைக்கும்வரை பெயரை வெளியே விடுவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். எனக்கோ சபையில் யாரும் அதைச் சிதைத்துவிடக் கூடாதே என்ற பயம். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வொய்ஸ் போட்டேன். அந்தி வானத்தில் தொடங்கி, உருகி, கடைசியில் இப்படி முடித்தேன்: “மீன் முள்ளு சிக்கினா எந்த இடத்தால காறுவீங்க? அந்த இடத்தாலதான் இந்த எழுத்து வரணும்.” பிறகு நானே காறிக் காட்டினேன்.

ஏழாம் நாள் வீடு நிறையச் சனம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மகள் என் மடியில் கிடந்தாள். மௌலவி பெயரைக் கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைத் திறந்து சொன்னேன்.

மௌலவி சிரித்தார். “நேத்துப் பாலமுனையிலயும் இந்தப் பேரத்தானே வச்சுப் போட்டு வந்தன்.”

பெண்கள் பக்கமிருந்து மாமியின் குரல் வந்தது. “எங்கட சாச்சிட பேத்திக்குத்தான் வச்சிருக்காங்க, மகன். அந்தப் புள்ள ஒரு நாள் முந்திப் பிறந்த. உங்கட வொய்ஸக் கேட்டு அவங்க எல்லாரும் அழுதிட்டாங்களாம்.”

“நானும் கேட்டன்,” என்றார் மௌலவி. “மீன் முள்ளுப் பாடம் நல்ல பாடம். மதரஸாப் புள்ளயளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கன்.”

சபை குலுங்கியது. எனக்கு மட்டும் யாரோ வானத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டதுபோல் இருந்தது. “அப்ப வேற பேர் பாப்பமா?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமி எழுந்து வந்தார். பிள்ளையை வாங்கி, காதோடு வாய் வைத்து, மெதுவாகச் சொன்னார்: “ஷஃபக்.”

அந்த எழுத்து வந்தது. ஆழ்கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடும் சத்தம்போல, அடியிலிருந்து, சுத்தமாக. அடுப்படியில் அந்த வொய்ஸைத் திரும்பத் திரும்பப் போட்டு, அரிசி களையும்போதெல்லாம் காறிப் பழகியிருக்கிறார் என்று பிறகு மனைவி சொன்னாள்.

“முள்ள எடுத்திட்டன் மகன்,” என்றார் மாமி. “இனி மாத்த ஏலா.”

வொய்ஸ் அதோடு நிற்கவில்லை. ஒலுவில், மருதமுனை என்று பிள்ளை பிறந்த வீடுகளுக்குள் எல்லாம் வருடக்கணக்காக அது போய்க்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கடைத்தெருவில் கண்டு, ஸலாம் சொல்லி, ஒருமுறை காறியும் காட்டுகிறார்கள்.

சென்ற பெருநாள் மாலை கடற்கரையில் ஒரே கூட்டம். வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டதென்று மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கடலைப் பார்த்து நின்ற சிறுமிகளில் பலர் ஒன்றாகத் திரும்பினார்கள். என் முதுகுக்குப் பின்னால், வயல் பக்கத்து வானம் எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சிவப்பு அத்தனை முகங்களிலும் விழுந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

மாமி முழங்கையால் இடித்தார்.

“என்ன மகன் பாக்குறீங்க? ஒண்டுதான் உங்கட புள்ள. மத்ததெல்லாம் உங்கட வொய்ஸுட.”